தேவையில்லாத பொருளுக்கு நியாய விலை உண்டா?

அரிசி விலை ஏறினால் நாடே பேசும். கோழி, முட்டை, சமையல் எண்ணெய் என்றால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வந்தால் சில பொருள்களுக்கு அரசாங்கமே உச்சவரம்பு விலை போடும். ஆனால் பொம்மை விலை ஏறினால்? "வேணாம்னா வாங்காதே, அவ்வளவுதான்!" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என் அம்மா சொல்வதும் அதேதான்.

அம்மாவின் அந்த ஒரு வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் ஒரு பெரிய அறக்கேள்வி இருக்கிறது. உயிர்வாழத் தேவையே இல்லாத ஒரு பொருளுக்கு 'நியாய விலை' என்று ஒன்று உண்டா? அல்லது விற்பவன் கேட்பதும் வாங்குபவன் கொடுப்பதும் எதுவோ, அதுதான் விலையா?

இதை யோசிக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம்: மேசை மேல் ஆடும் மினியேச்சர் விளையாட்டுகள். உங்களுக்கு ஆசை காற்பந்து ஜெர்சி மேலோ, காலணி மேலோ, கே-பாப் அட்டைகள் மேலோ இருந்தால், அதை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். தொகை மாறும், கேள்வி மாறாது.

இது என்ன விளையாட்டு?

விரல் உயரம்கூட இல்லாத வீரர்கள், பூதங்கள், இயந்திரங்கள். இவற்றை ஒரு பெரிய மேசையில் அணிவகுத்து, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. சதுரங்கத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். புதிய கண்டுபிடிப்பும் இல்லை. எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913லேயே 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப்புத்தகத்தை வெளியிட்டார். வீட்டில் இருக்கும் ஈய வீரர்களையும் பொம்மைப் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடினார்கள். அந்த ஈய வீரர்கள் அன்று ஓரளவு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு பொறியியல் காரணம் உண்டு. 1893இல் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம் உள்ளே வெற்றிடமாக இருக்கும்படி ஈயத்தை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

இன்று இந்தத் துறையின் பெரிய பெயர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப். 1975இல் மூன்று நண்பர்கள் தொடங்கிய நிறுவனம். அதன் 'வார்ஹேமர்' 1983இல் வந்தது, 'வார்ஹேமர் 40,000' 1987இல் வந்தது. நாமே ஒட்டி, நாமே சாயம் பூசி ஆடவேண்டும். இன்னொரு வகையும் இருக்கிறது. சாயம் பூசியே வரும், ஆனால் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று தெரியாது. 2000இல் வந்த 'மேஜ் நைட்', 2002இல் வந்த 'ஹீரோகிளிக்ஸ்' இந்த வகை. இரண்டு வகையிலும் விலை ஏறிக்கொண்டேதான் போகிறது.

விலை ஏன் ஏறுகிறது?

கோபப்படுவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்போம். பொறியியல் படிக்கிறவனுக்கு அதுதானே பழக்கம்!

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குறுணை ஒரு கிலோ சில வெள்ளிதான். ஒரு பெட்டியில் இருப்பதோ சில நூறு கிராம். "அப்படின்னா சில வெள்ளிப் பொருளை நூற்றுக்கணக்கில் விக்கிறானுங்களே, கொள்ளை!" என்று நம்ம பசங்க சொல்வதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் செலவு பிளாஸ்டிக்கில் இல்லை. உருவத்தைக் கணினியில் செதுக்கும் கலைஞரின் சம்பளம், அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து வார்ப்புக்கு ஏற்றபடி அமைக்கும் வேலை, பிறகு எஃகு அச்சு. அந்த அச்சைக் குடைவதற்கே பெரிய தொகை ஆகும். ஆயிரம் பெட்டி விற்றாலும் லட்சம் பெட்டி விற்றாலும் அந்தச் செலவு அதேதான். ஆகவே பிளாஸ்டிக்கை எடைபோட்டு நியாய விலையைக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் காகிதத்தின் எடையை வைத்து அவர் கட்டணத்தை முடிவு செய்வது போலாகிவிடும்.

அடுத்தது நம் நாணயம். டாலரில் விலை போட்ட பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நடுப்பகுதியில் ஒரு டாலர் சுமார் 3.20 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது. அமெரிக்காவில் 40 டாலர் விலை ஒரு காசுகூட ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 128 வெள்ளிப் பொருள் நமக்கு 192 வெள்ளி ஆகிவிட்டது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை, ஆனாலும் பை காலி. அதற்குமேல் 2024 ஜனவரி முதல், இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காட்டு விற்பனை வரியும் வந்தது. சிங்கப்பூர் நண்பர்களுக்குப் பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு. கொரோனா காலத்தில் கப்பல் கொள்கலன் கட்டணம் பல மடங்கு ஏறிய கதையும் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, லாபம். கேம்ஸ் வொர்க்ஷாப் 2024-25 நிதியாண்டில் 60 கோடிப் பவுண்டுக்கு மேல் வருமானம் காட்டியது. வரிக்கு முந்தைய லாபம் 25 கோடிப் பவுண்டைத் தாண்டியது. அதாவது 100 பவுண்டு வந்தால் 40க்கு மேல் லாபம். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாகவும் அது சேர்ந்தது. ஆகவே "செலவு கூடிவிட்டது, வேறு வழியில்லை" என்பது மட்டுமே காரணம் என்று சொன்னால் நம்ப முடியாது. கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்.

கேட்பது தவறா?

இங்கேதான் அம்மாவின் பதில் வலுவாக நிற்கிறது. பசித்தவனுக்கு அரிசியை மூன்று மடங்கு விலைக்கு விற்பவன் ஏன் கெட்டவன்? பசித்தவனால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவன் இயலாமையை இவன் காசாக்குகிறான். பொம்மை விஷயத்தில் அப்படி யாரும் கட்டிப்போடப்படவில்லை. "வேண்டாம்" என்று திரும்பிப் போகலாம். போக முடிகிறவரை, கேட்கிற விலை எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அது அநியாயம் ஆகாது. விலை கூட இருப்பது வேறு, அநியாயமாக இருப்பது வேறு.

நம் முன்னோர்கள் வணிகத்தை இழிவாகப் பார்க்கவில்லை. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகர்களைப் பற்றிப் பேசித்தான் முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் எண்ணி நடப்பதே நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் அளவு தவறாத நேர்மையைப் பட்டினப்பாலை புகழ்கிறது. லாபம் எடுக்காதே என்று இரண்டும் சொல்லவில்லை. எதிரே நிற்பவனின் இடத்தில் உன்னையும் நிறுத்திப் பார் என்றுதான் கேட்கின்றன.

அப்படி நிறுத்திப் பார்த்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. விற்பவர் எதையாவது மறைக்கிறாரா? தட்டுப்பாட்டை அவரே உண்டாக்குகிறாரா? வாங்குபவர் உண்மையிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக முடிகிறதா? விலைச்சீட்டில் இருக்கும் எண்ணைவிட இந்த மூன்றும்தான் முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூடிய பெட்டி

உள்ளே என்ன என்று தெரியாத பெட்டியின் மேல் 60 வெள்ளி என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். கணக்குக்காகத்தான் இந்த எண்கள். நமக்கு வேண்டிய ஒரு வீரன் 12 பெட்டிக்கு ஒன்றில் இருக்கிறான். சராசரியாக 12 பெட்டி வாங்கவேண்டும், 720 வெள்ளி. சரி, 12 பெட்டி வாங்கினால் நிச்சயம் கிடைக்குமா? கிடைக்காது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி வாய்ப்பு என்றால், 12 பெட்டி வாங்கிய பிறகும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு. 24 பெட்டி வாங்கி 1,440 வெள்ளி செலவழித்த பிறகும், எட்டுப் பேரில் ஒருவர் வெறுங்கையோடு நிற்பார்.

பெட்டி விலை 60இலிருந்து 70 ஆனால் "பத்து வெள்ளிதானே" என்று தோன்றும். தேடும் வீரனின் சராசரி விலையோ 720இலிருந்து 840 ஆகிவிடுகிறது. இந்த உண்மை விலை எந்த விலைச்சீட்டிலும் அச்சாவதில்லை. இங்கே எனக்கு உறுத்துவது விலையின் உயரம் இல்லை, விலையே மறைந்திருப்பதுதான். எவ்வளவு கொடுக்கப்போகிறோம் என்று தெரியாதவன் எப்படி "வேண்டாம்" என்று யோசித்துச் சொல்வான்? 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், வீடியோ விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. கையில் தொடக்கூடிய பொம்மை என்பதால் அந்தக் கேள்வி முழுதாக மறைந்துவிடாது. கடைக்காரர் உள்ளே இருப்பதைப் பிரித்துத் தனித்தனியாக விலை போட்டு விற்றால், நூறு வெள்ளி கேட்டாலும் அது எனக்கு நேர்மையாகவே படும். தெரிந்து கொடுக்கிறேன், அல்லது தெரிந்து போகிறேன்.

பதுக்குகிறவர்கள்

2020 ஜூலையில் 'இண்டாமிட்டஸ்' என்ற பெட்டியை கேம்ஸ் வொர்க்ஷாப் முன்பதிவுக்கு விட்டது. 61 பொம்மைகள், 125 பவுண்டு. சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. உண்மையான ஆட்டக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இணையத்தில் அதே பெட்டிகள் கூடுதல் விலைக்கு வந்தன. மொத்தமாக வாங்கி ஏற்றி விற்பவர்களை 'ஸ்கால்ப்பர்' என்கிறார்கள். நாம் சாதாரணமாகப் 'பதுக்கல்காரன்' என்று சொல்லலாம்.

ஒரு நண்பன் அவர்களுக்காக வாதாடினான். "மச்சான், கடைக்காரனும் வாங்கித்தானே விக்கிறான்? இவன் செஞ்சா மட்டும் தப்பா?" நல்ல கேள்வி. என் பதில் இதுதான். கடைக்காரர் பொருளை நமக்குக் கிட்டே கொண்டுவருகிறார். நாட்டிங்ஹாமில் இருந்ததைக் கிள்ளானில் அல்லது ஜொகூரில் வைக்கிறார். வாடகை கட்டுகிறார், ஆட மேசை போட்டுத் தருகிறார், உடைந்த துண்டுக்கு மாற்றுக் கேட்டால் எழுதிப்போடுகிறார். பதுக்குகிறவர் பொருளை நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறார். வரிசையில் நம் இடத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தையே நமக்குத் திரும்ப விற்கிறார். அவர் வராமல் இருந்திருந்தால் நமக்கு என்ன குறைந்திருக்கும்? ஒன்றுமில்லை. கடைக்காரர் வராமல் இருந்திருந்தால்? ஆட்டமே இருந்திருக்காது. இந்த ஒரு சோதனை போதும்.

இதில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. இண்டாமிட்டஸ் தீர்ந்ததும் எதிர்ப்பு கிளம்ப, யார் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் செய்துதருகிறோம் என்று நிறுவனம் ஆர்டர் எடுத்தது. தட்டுப்பாடு போயிற்று, பதுக்கியவர்களின் கணக்கும் போயிற்று. அச்சு இருக்கும்வரை வார்க்கலாம். அப்படியானால் 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்பது பெரும்பாலும் இயற்கை விதித்தது இல்லை, மனிதர் எடுத்த முடிவு. முடிவு என்றால் அதற்குப் பொறுப்பும் உண்டு.

என்னிடம் இருந்த பெட்டி

இது தூரத்துக் கதை மட்டும் இல்லை. என் சின்னம்மா மகன் வேலைக்காக ஆஸ்திரேலியா போகும்போது, பிரிக்காத பழைய பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது தயாரிப்பில் இல்லை. அவர் வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்கு இணையத்தில் போகிறது. எங்களோடு ஆடும் ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, அத எனக்கு விப்பீங்களா? எவ்வளவு?"

நான் என்ன விலை சொல்லவேண்டும்? எனக்கு அது இலவசமாக வந்தது. அந்த விலையேற்றத்துக்காக நான் ஒரு துளி வியர்வை சிந்தவில்லை. அதே சமயம், பொருள் என்னுடையது. சேகரிப்பாளர் ஒருவருக்கு இரண்டு மடங்குக்கு விற்றாலும் யாரையும் நான் ஏமாற்றவில்லை. எதையும் மறைக்கவில்லை, தட்டுப்பாட்டை நான் உண்டாக்கவில்லை, அவர் விரும்பினால் போகலாம். என் மூன்று கேள்விகளிலும் நான் தேறிவிடுவேன்.

ஆனால் தம்பியிடம் பழைய விலைதான் சொன்னேன், அதையும் மூன்று மாதத்தில் கொடுக்கச் சொன்னேன். சந்தை விலை அநியாயம் என்பதற்காக அப்படிச் செய்யவில்லை. அவன் சனிக்கிழமைதோறும் என் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன். என் விதிப்புத்தகத்தைப் படித்து, என் சாயத்தை இரவல் வாங்கி வளர்ந்தவன். முன்பின் தெரியாதவரிடம் நேர்மையாக இருந்தால் போதும். கூட உட்கார்ந்து ஆடுகிறவனிடம் நேர்மை மட்டும் போதாது. "அவன் நாளைக்கே அதை ரெண்டு மடங்குக்கு வித்துட்டா என்னடா பண்ணுவே?" என்று நண்பன் கேட்டான். விற்றால் அது அவன் காசு. குறைத்துக் கொடுத்துவிட்டு அவன் பின்னாலேயே கணக்குக் கேட்டுக்கொண்டு நடந்தால், நான் கொடுத்ததற்கு என்ன மதிப்பு?

அச்சடித்துக்கொள்ளலாமா?

விலை ஏற ஏற இன்னொரு குரலும் கேட்கிறது. "ஆயிரம் வெள்ளிக்குள்ள ரெசின் பிரிண்டர் கிடைக்குது. ஸ்கேன் பண்ணி அடிச்சா முடிஞ்சது. அவனுங்கதான் கொள்ளையடிக்கிறானுங்களே!"

இங்கே மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நானே கணினியில் வடிவமைத்த வீரனை முப்பரிமாண அச்சில் எடுத்தால் அது என் வேலை. தனிக் கலைஞர்கள் பலர் தங்கள் வடிவக் கோப்புகளை விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கி அச்சடித்தால் அதுவும் சுத்தம். மூன்றாவது, ஒரு நிறுவனத்தின் சிற்பத்தை அப்படியே நகலெடுப்பது. அது திருட்டுதான், வேறு நல்ல பெயர் அதற்குக் கிடைக்காது.

"பொருள் குறையவில்லையே, அவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். முன்பு சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். செலவு முழுதும் செதுக்குவதிலும் அச்சிலும் இருக்கிறது. நகலெடுப்பவன் எடுத்துக்கொள்வது சரியாக அந்தப் பகுதியைத்தான். பிளாஸ்டிக்குக்கு மட்டும் தன் காசைப் போடுகிறான். நாளைக்கு நம்மில் பலர் வடிவமைப்பாளர்களாகவும் மென்பொருள் எழுதுபவர்களாகவும் வேலைக்குப் போகப்போகிறோம். நம் உழைப்பும் அப்படித்தான், நகலெடுத்தால் குறையாது. அதனால் இலவசம் என்று நம் முதலாளியோ வாடிக்கையாளரோ சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

இதில் இன்னும் ஒன்று கவனிக்கவேண்டும். நிறுவனம் எவ்வளவும் கேட்கலாம் என்பதற்கு நாம் ஒப்புக்கொண்ட காரணம் என்ன? 'இது தேவையில்லாத பொருள், வேண்டாம் என்று போகலாம்' என்பதுதான். அதே காரணம் நம்மையும் கட்டுகிறது. பசிக்கு ஒரு ரொட்டியை எடுத்தவனை உலகம் மன்னிக்கும். ரொட்டி இல்லாமல் அவனால் இருக்க முடியாது. பொம்மை இல்லாமல் நம்மால் இருக்க முடியும். விற்பவனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

உண்மையிலேயே போக முடிகிறதா?

மூன்றாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன். இதுதான் கடினமானது.

இண்டாமிட்டஸ் வெளியான 2020இல் 125 பவுண்டு அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 670 ரிங்கிட். அப்போது நம் நகரங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 ரிங்கிட். அதாவது அரை மாதத்துக்கு மேல் உழைக்கவேண்டும். அதே ஆண்டு பிரிட்டனில் 25 வயதைத் தாண்டியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.72 பவுண்டு. அங்கே சுமார் 15 மணி நேரம், இரண்டு நாள் வேலை. விலைச்சீட்டு ஒன்றுதான். இரண்டு வீட்டில் அதன் எடை வேறு.

இந்த விளையாட்டில் ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்பதும் இல்லை. 'வார்ஹேமர் 40,000' விதிகள் 2017, 2020, 2023 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பதிப்பாக வந்தன. சில பழைய பொம்மைகள் போட்டி ஆட்டங்களுக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்படும். பிறகு புதுப் புத்தகம், புது வீரர்கள். நான்கு ஆண்டு சேர்த்து, சாயம் பூசி, நண்பர்களையும் இந்த ஆட்டத்தாலேயே பிடித்த ஒருவனைப் பார்த்து "வேணாம்னா வாங்காதே" என்று சொல்வது சுலபம். ஆனால் அவன் விட்டுவிட்டுப் போகவேண்டியது பொம்மையை மட்டும் இல்லையே. நம்மையும் சேர்த்துத்தானே?

இரண்டாம் படிவத்தில் படிக்கும் பையன் ஒருவன் எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தான். அப்பா லாரி ஓட்டுகிறார். 2023இல் புதுப்பதிப்பு வந்து எல்லாரும் புதுப்பெட்டி பிரிக்கத் தொடங்கியதும், முதலில் ஒரு வாரம் வரவில்லை, பிறகு இரண்டு வாரம், அப்புறம் வரவே இல்லை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. காசு இல்லை என்று அவனும் வாய் திறந்து சொல்லவில்லை. எந்தப் பையனும் அதைச் சொல்லமாட்டான். "டியூஷன் இருக்குண்ணே" என்றுதான் சொல்வான்.

அம்மாவின் பதிலில் விடுபட்டது இங்கேதான் இருக்கிறது. பொம்மை தேவையில்லாத பொருள், சரி. பதினான்கு வயதில் சனிக்கிழமை போய் உட்கார ஓர் இடமும், தன் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேரும் தேவையில்லாத பொருளா? அது தேவை. அரிசிக்கு அடுத்த தேவை என்றே நான் சொல்வேன். அந்த இடம் கிடைக்காமல் நம் பிள்ளைகள் சிலர் வேறு எந்த மேசைகளில் போய் உட்காருகிறார்கள் என்று இந்த இதழைப் படிக்கும் நமக்குத் தெரியாததா?

அப்படியென்றால் அந்தப் பையனுக்கு மலிவாக விற்கும் கடமை நாட்டிங்ஹாம் நிறுவனத்துக்கு இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் விற்பது பிளாஸ்டிக், அதற்கு அவர்கள் விலை சொல்லட்டும். நட்பை அவர்கள் விற்கவில்லை. அந்த மேசையைப் போட்டது நாம். அதில் உட்காரும் தகுதியைப் பெட்டி விலையோடு சேர்த்துக் கட்டியதும் நாம்தான். அவிழ்க்கவேண்டியதும் நாம்.

நாம் செய்யக்கூடியவை

இது வெறும் பேச்சாகப் போகக்கூடாது என்று எங்கள் குழுவில் சில வழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறோம். புதுப்பதிப்பு வந்தாலும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பழைய விதியிலேயே ஆடுகிறோம். எந்த நிறுவனத்துப் பொம்மையையும் வைத்து ஆடக்கூடிய இலவச விதிகள் இணையத்தில் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்துகிறோம். வீரன் இல்லாதவர் அட்டையில் பெயர் எழுதி, அடிப்பாகத்தின் அளவுக்கு வெட்டி வைத்து ஆடலாம், யாரும் கிண்டல் செய்யக்கூடாது. ஆளுக்கு இரண்டு மூன்று பொம்மை போட்டு ஒரு பொதுப் பெட்டி வைத்திருக்கிறோம். வருகிறவர் எடுத்து ஆடிவிட்டுத் திரும்ப வைத்துப் போகலாம். திருட்டு நகல் மட்டும் மேசைக்கு வரக்கூடாது. நாமே வடிவமைத்ததும் முறையாக வாங்கிய கோப்பிலிருந்து எடுத்ததும் தாராளமாக வரலாம்.

இதனால் கம்பெனி விலையைக் குறைக்கப்போவதில்லை, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு நன்மை உடனே கிடைக்கிறது. "வேண்டாம்" என்று சொல்வதற்கு எங்களில் யாருக்கும் இப்போது பயம் இல்லை. புதுப்பெட்டி வாங்காவிட்டாலும் சனிக்கிழமை நம் இடம் அங்கேயே இருக்கும் என்று தெரிந்தவன்தான், கடையில் நின்று, விலைச்சீட்டைப் பார்த்து, சுதந்திரமாக முடிவெடுக்க முடியும். அவன் வாங்கினால் விருப்பப்பட்டு வாங்குகிறான், விட்டால் விருப்பப்பட்டு விடுகிறான். அந்தச் சுதந்திரம் இருக்கும்போதுதான் விற்பவர் கேட்கும் விலையும் நியாயமான விலையாகிறது. ஆகவே தேவையில்லாத பொருளுக்கும் நியாய விலை உண்டு. அதில் பாதி விற்பவர் கையில் இருக்கிறது, மறுபாதி வாங்குகிறவர்களைச் சுற்றி இருக்கும் நம் கையில் இருக்கிறது.

உங்கள் கிளையில் காற்பந்தாக இருக்கலாம், உறுமி மேளமாக இருக்கலாம், நடனமாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப்பாருங்கள்: போன வருடம் வந்து இந்த வருடம் வராமல் போனவர்கள் யார் யார்? சட்டைக்கும் காலணிக்கும் பயணச் செலவுக்கும் பயந்து "டியூஷன் இருக்கு" என்று சொன்னவர் அதில் எத்தனை பேர்? பெயர்ப் பட்டியல் போடுங்கள். பிறகு போய் ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள்.

எங்கள் பையனை நாங்கள் கூப்பிட்டிருக்கிறோம். "பொதுப் பெட்டி இருக்கு, நீ சும்மா வந்தாப் போதும்" என்று சொல்லியிருக்கிறோம். பார்ப்போம் என்றிருக்கிறான்.